இனுக்சுக் வழிபாட்டுச் சிலை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் வார இறுதிப் பதிப்பில் அண்மையில் வெளியான, கனடாவின் வடபுலம் பற்றிய பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். அந்த நிலத்தையும் அங்கு வாழும் இனுயிட் மக்களையும் பற்றித் தமிழில் எழுத முன்வருவோர் மிகச் சிலரே. அந்த வகையில் கட்டுரையாளரின் முயற்சி பாராட்டுக்குரியது. ஆயினும், கட்டுரையுடன் வெளியான, இனுக்சுக் என்று பரவலாக அழைக்கப்படும் கல்லுருவத்தின் படத்துக்குக் கீழே "இனுயிட் மக்கள் வழிபடும் கல் தெய்வம்" என்று குறிப்பிட்டிருந்ததையும், கட்டுரையின் இறுதியில் அதே உருவம் "தொன்றுதொட்டு நட்பின் சின்னமாக விளங்கி வருவது" என்று எழுதியிருந்ததையும் கண்டும் காணாமல் விட மனம் ஒப்பவில்லை. முதற்கூற்று தவறானது. இரண்டாவது கூற்றில் உள்ள "தொன்றுதொட்டு" 2005 ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டையும் சற்று விரிவாக விளக்க இடமளிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நடுகல்லுக்குப் படையலிட்டு வந்த மரபில் வளர்ந்த நமக்கு, வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கல்லைக் கண்டதும் கைகூப்பத் தோன்றுவது இயல்பே. ஆனால் இனுக்சுக் அந்த வகையைச் சேர்ந்ததன்று. மனிதன் ஒருவன் ஓரிடத்தில் நின்று செய்ய வேண்டிய வேலையை, அவன் அங்கில்லாதபோது அவனுக்காகச் செய்யும் கல்லமைப்பு எதுவோ அதையே இனுயிட் மக்கள் இனுக்சுக் என்கிறார்கள். பலவாக இருந்தால் இனுக்சுயிட் என்பார்கள். அது இன்ன உருவத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. நெட்டுக்குத்தாக நிறுத்திய ஒற்றைக் கல்லும் இனுக்சுக்தான். ஆளுயரத்துக்குமேல் அடுக்கிய கற்குவியலும் இனுக்சுக்தான். அலாஸ்காவின் வடபகுதியிலிருந்து கனடாவின் வடபுலம் ஊடாகக் கிறீன்லாந்து வரை, ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மக்கள் பரந்து வாழும் நிலமெங்கும் இவற்றைக் காணலாம்.

அந்த நிலத்தின் தன்மையை மனதிற்கொள்ளாமல் இந்தக் கற்களை விளங்கிக்கொள்ள முடியாது. கனடாவின் வடபுலத்தில் இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் பிராந்தியத்தின் பரப்பு 20 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் மேல். 2021 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 37,000 பேருக்கும் குறைவு. அதன் மிகப் பெரும் பகுதியில் மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மேட்டுக்குப் பின் மேடும், ஏரிக்குப் பின் ஏரியுமாக ஒரே சாயலில் விரியும் தரை, ஆண்டின் பெரும்பகுதி பனியால் மூடிக் கிடக்கிறது. வானும் தரையும் ஒரே வெண்மையாகிவிடும் நாட்களில் அடிவானம் எங்கே என்பதே தெரியாது. போதாக்குறைக்கு, 1831 ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் கிளார்க் றொஸ் காந்த வடமுனையைக் கண்டறிந்தது இதே நிலத்தின் பூதியா குடாநாட்டில்தான். காந்த முனைக்கு அண்மையில் திசைகாட்டியின் ஊசியை நம்ப முடியாது என்பதால், ஐரோப்பியர் பெருமையுடன் கொண்டுவந்த கருவி அங்கு அவர்களுக்கே கைகொடுக்கவில்லை. இனுயிட் மக்களோ விண்மீன்களையும், ஓயாமல் வீசும் வடமேற்குக் காற்று இறுக்கி விட்டுச் செல்லும் நாக்கு வடிவப் பனித்திட்டுகளையும், தலைமுறை தலைமுறையாக மனனம் செய்த இடப்பெயர்களையும் கொண்டு பயணம் செய்தார்கள். இவற்றோடு சேர்ந்து பயன்பட்டவையே கற்கள்.

இங்கு நம்மில் பலருக்கு ஏற்படும் ஒரு மயக்கத்தைச் சொல்ல வேண்டும். இனுக்சுக் என்றவுடன் நெடுஞ்சாலை ஓரத்துப் பெயர்ப்பலகையை நினைத்துக்கொள்கிறோம். யார் வந்து பார்த்தாலும் "இந்தப் பக்கம் போ" என்று அது சொல்லும் என்று எதிர்பார்க்கிறோம். உண்மையில் அது அந்நியருக்காக வைத்தது அன்று. எந்தக் கல் எந்த மேட்டில் நிற்கிறது, அதன் வடிவம் என்ன, அதற்கு அடுத்தது எப்படியிருக்கும், இரண்டுக்கும் இடையே எத்தனை நேரப் பயணம் என்பதையெல்லாம் பெரியவர்களிடம் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டவருக்கே அது பேசும். நார்மன் ஹாலெண்டி என்ற ஆய்வாளர் 1958 ஆம் ஆண்டில் முதன்முதலாக வடபுலம் சென்று, பின்னர் பல பத்தாண்டுகள் பஃபின் தீவின் தென்மேற்கிலுள்ள கிங்ஙாயிட் ஊர் முதியோரிடம் கேட்டறிந்து பதிவு செய்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: இளையோர் கற்களின் உருவத்தை மட்டுமன்றி, அவை நிற்கும் இடத்தையும், அவை அங்கு வைக்கப்பட்ட காரணத்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள். இடத்திலிருந்து பெயர்த்தெடுத்த கல்லுக்குப் பொருள் கிடையாது என்று கூடச் சொல்லலாம்.

இந்த வேலைகளுக்கு ஏற்ப அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்களும் உண்டு. பயணத்தில் குழப்பம் வரக்கூடிய இடத்தில், "சரியான வழியில்தான் இருக்கிறாய்" என்று உறுதிப்படுத்த நிறுத்திய எளிய ஒற்றைக் கல் நலுனைக்குட்டாக். நடுவில் ஜன்னல் போல் இடைவெளி விட்டுக் கட்டியது நியுங்வாலிருலுக். அதன் ஊடாகக் கண்ணை வைத்துப் பார்த்தால் தொலைவிலுள்ள ஒரு புள்ளி நேர்கோட்டில் தெரியும். மீன் மிகுந்த ஏரிக்கரையில் ஒன்று நிற்கும். இறைச்சியைக் கற்களுக்கடியில் மூடி வைத்த இடத்தை, பனி மூடிய பிறகும் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா? அதற்கு அடையாளமாக ஒன்று நிற்கும். இவற்றுக்கிடையே, இனுக்சுக் என்று தவறாக எண்ணக்கூடிய வேறு கற்களும் உண்டு: கூடாரத்தின் ஓரத்தை அழுத்தி வைத்த கல் வளையங்கள், நரிப்பொறிகள், கயாக் படகை வைப்பதற்காக நிறுத்திய கற்றூண்கள் போன்றவை. கயாக்கை எதற்காக உயரத்தில் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். படகு முழுவதும் போர்த்தியிருப்பது கடல்நாய்த் தோல். தரையில் விட்டால் வண்டியிழுக்கும் நாய்கள் அதைத் தின்று தீர்த்துவிடும்.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் வியக்க வைத்தவை கரிபு மான் வேட்டைக்காக வரிசையாக நிறுத்திய கற்கள். கட்டுரையாளர் இவற்றைக் குறிப்பிடவேயில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். இலையுதிர் காலத்தில் கரிபு மான்கள் மந்தை மந்தையாகத் தெற்கு நோக்கிப் பெயரும். அந்தப் பருவத்து மானின் தோல்தான் குளிருடைக்கு ஏற்றது; கோடை தொடக்கத்தில் பழைய மயிர் உதிர்ந்து தோல் பயனற்றிருக்கும், நடுக்குளிர்காலத்தில் மயிர் மிகத் தடித்துவிடும். மானின் மயிர் உள்ளீடற்றது. அதற்குள் அடைபட்ட காற்றுதான் உடற்சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. ஆகவே அந்தச் சில வாரங்களில் தேவையான தோல்களைச் சேர்க்காவிட்டால், வரும் குளிர்காலத்தைக் குடும்பம் தாக்குப்பிடிக்க முடியாது. வில்லும் ஈட்டியும் மட்டுமே கையில் உள்ளவர்கள், தங்களைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும் விலங்கை எப்படி அணுகுவது? இதற்கு அவர்கள் கற்களைத் துணைக்கு அழைத்தார்கள்.

மானின் வழித்தடத்தின் இருமருங்கிலும், தொடக்கத்தில் அகன்றும் போகப் போக நெருங்கியும் வரும்படி, கற்குவியல்களை இரு வரிசைகளாக நிறுத்துவார்கள். ஒவ்வொன்றும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தாலே போதும். அவற்றின் உச்சியில் புற்கரணையையோ, காற்றில் அசையக்கூடிய பறவைச் சிறகையோ வைப்பதுண்டு. கரிபு மானின் பார்வை கூர்மையானதன்று. அசையாமல் நிற்கும் ஒன்றை அது மனிதனா கல்லா என்று எளிதில் பிரித்தறியாது. பெண்களும் சிறுவர்களும் மந்தைக்குப் பின்னால் நின்று ஓநாயைப்போல ஊளையிட்டு விரட்ட, மான்கள் இருபுறமும் ஆட்கள் நிற்பதாக அஞ்சி வரிசைகளுக்கு நடுவே ஓடும். வரிசைகள் நெருங்கும் முனையில், தாழ்வான கற்சுவருக்குப் பின்னே வில்லாளிகள் பதுங்கியிருப்பார்கள். அல்லது அந்த முனை ஆற்றின் துறையில் முடியும், நீரில் நீந்தும் மான்களைக் கயாக்கில் வரும் ஈட்டிக்காரர்கள் மறிப்பார்கள். பத்துப் பதினைந்து பேரே உள்ள ஒரு சிறு கூட்டம், நூறு பேர் சூழ்ந்து நிற்பதுபோன்ற ஒரு தோற்றத்தை இவ்வாறு உண்டாக்கிக்கொண்டது. மனிதனுக்குப் பதிலாகக் கல் நிற்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை. அந்தக் கற்கள் மனிதனைப்போலச் செதுக்கப்பட்டவை அல்ல என்பதையும், மானின் கண்ணுக்கு அவை மனிதனாகத் தெரிந்தால் போதும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பேக்கர் லேக் ஊருக்கு அருகே கஸான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் அத்தகைய இலையுதிர்கால மான்துறை ஒன்று 1995 ஆம் ஆண்டில் கனடாவின் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. மான்கள் நீரில் இறங்கும் கரையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், அவற்றை மிரளச் செய்யும் எதையும் அங்கு விட்டுவைக்கக் கூடாது என்பதெல்லாம் அவ்வாற்றங்கரை மக்கள் கடைப்பிடித்த விதிகள். மேற்குக் கிறீன்லாந்தில், மான்களை வளைத்துப் பிடிக்கும் கல்வரிசைகளையும் கோடைகால வேட்டைக் குடியிருப்புகளையும் உள்ளடக்கிய ஆசிவிசூயிட்–நிபிசாட் நிலப்பரப்பை 2018 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இவற்றைக் கட்டிய முறையும் கவனிக்கத்தக்கது. சாந்து கிடையாது, செதுக்குவதும் கிடையாது. உறைபனி பாறையைப் பிளந்து பிளந்து அந்நிலமெங்கும் தட்டைக் கற்களையும் முனையுள்ள கற்களையும் பரப்பி வைத்திருக்கிறது. அவற்றில் பொருத்தமானதைத் தேர்ந்து, ஒன்றன் பாரம் மற்றொன்றைப் பிடித்து நிற்கும்படி அடுக்குவார்கள். அடுக்கு ஆடும் இடத்தில் சிறு கற்சில் ஒன்றை ஆப்பாகச் செருகுவார்கள். காற்று ஓயாத அந்த வெட்டவெளியில், நூற்றாண்டுகளாகப் பல அடுக்குகள் சரியாமல் நிற்பது இந்தச் சில்லுகளின் புண்ணியத்தால்தான். எது எப்போது கட்டியது என்று கணிப்பது எளிதன்று. கல்லின் வயது அது நிறுத்தப்பட்ட நாளைச் சொல்லாது. அதன்மேல் மிக மெதுவாகப் படரும் கற்பாசியின் பரப்பு ஓரளவுக்குத் துப்புத் தரும். இனுயிட் வாய்மொழி மரபோ, தங்களுக்கு முன்னர் அந்நிலத்தில் வாழ்ந்த, உடல்வலிமை மிக்க துனீட் என்னும் மக்களே பல கல்வரிசைகளை முதலில் அமைத்து, வாழத்தக்க நிலமாக அதைத் தங்களுக்கு விட்டுச் சென்றார்கள் என்கிறது. தொல்லியலாளர் டோர்செற் பண்பாட்டினர் என்று குறிப்பிடுவது இவர்களைத்தான்.

இனி, வழிபாடு பற்றி. கட்டுரையாளர் முற்றிலும் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டார் என்று நான் வாதிட வரவில்லை. மதிப்புக்கும் அச்சத்துக்கும் உரிய கற்கள் அங்கு இருந்தன, இருக்கின்றன. இரண்டு தூண்களும் மேலே ஒரு கிடைக்கல்லுமாக வாயில்போல் அமைந்த துப்குஜாக், ஆவியுலகுடன் தொடர்புடைய சடங்காளர் புகும் வழியாகக் கருதப்பட்டது. சில கற்களைக் கடந்து செல்வோர் அவற்றின் அடியில் சிறு பொருள் எதையாவது விட்டுச் செல்வதும் வழக்கம். எந்த இனுக்சுக்கையும் தள்ளி வீழ்த்துவது பெரும் பிழை, அப்படிச் செய்பவனின் ஆயுள் குறையும் என்று பெரியவர்கள் எச்சரித்தார்கள். ஆனால் இவை குறிப்பிட்ட இடங்களுக்கும் குறிப்பிட்ட அமைப்புகளுக்கும் உரியவை. மீன்பிடி ஏரியைக் காட்டும் கல்லின் முன் யாரும் மண்டியிடவில்லை. அதை வீழ்த்தக் கூடாது என்ற தடைக்கும், அடுத்து வருபவன் பட்டினி கிடக்க நேரும் என்ற நடைமுறைக் காரணமே போதுமானது. தெய்வத்தை அழைக்க வேண்டிய தேவையில்லை என்பது என் கருத்து.

பஃபின் தீவின் தென்மேற்கில், ஃபொக்ஸ் குடாநாட்டின் கோடியில் உள்ள இனுக்சுக் முனையில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லமைப்புகள் ஒரே இடத்தில் நிற்கின்றன. 1969 ஆம் ஆண்டில் அதுவும் தேசிய வரலாற்றுத் தலமானது. ஏன் ஒரே முனையில் இத்தனை என்பதற்கு, அது கடற்பயணிகளுக்கு முக்கியமான திருப்பம் என்பதும், காற்று மாறும்வரை மக்கள் அங்கு காத்திருக்க நேர்ந்தது என்பதும் சொல்லப்படும் விளக்கங்கள். அங்குள்ளவற்றின் படங்களைத் தங்கள் வாசகர்கள் தேடிப் பார்த்தால் ஒன்றைக் கவனிப்பார்கள்: அஞ்சலட்டையில் வரும் கை கால் விரித்த உருவத்தைப் போன்றவை அவற்றில் அரிது.

இது நம்மை அந்தப் படத்திலுள்ள உருவத்துக்குக் கொண்டுவருகிறது. இரண்டு கால், விரிந்த இரு கை, மேலே ஒரு தலை என்று மனித உருவில் அடுக்கியதற்கு இனுங்குவாக் என்று வேறு பெயர் உண்டு. நுனாவுட்டின் முன்னாள் ஆணையாளர் பீற்றர் இர்னிக், தலையும் கைகளும் கால்களும் வைத்து இனுயிட் மக்கள் இனுக்சுக் கட்டுவதில்லை என்றும், அத்தகையவை கடந்த நூறு ஆண்டு அளவில் வெளியாரால் கட்டப்பட்டவை என்றும் வெளிப்படையாகக் கூறியவர். இதில் இனுயிட் மக்களிடையே ஒரே கருத்து நிலவுவதாகச் சொல்ல முடியாது. நுனாவுட்டின் றாங்கின் இன்லெற் நகரின் மேட்டில் 1991 ஆம் ஆண்டில் ஜோ நட்டார் எழுப்பிய பேருருவம் மனித வடிவிலானதே. அந்நகரின் அடையாளமாக அங்குள்ளோர் அதைத்தான் காட்டுகிறார்கள். ஒரு மக்கள் தங்கள் மரபைத் தாங்களே நீட்டித்துக்கொள்வதைப் போலி என்று சொல்ல வெளியாருக்கு உரிமையில்லை. ஆனால் அந்த நீட்சியையே மூலம் என்று எழுதுவது வேறு விடயம்.

நட்பு என்ற பொருள் எங்கிருந்து வந்தது? 1986 ஆம் ஆண்டு வன்கூவர் உலகக் கண்காட்சியில் வடமேற்குப் பிராந்தியங்களின் அரங்கத்துக்காக, றாங்கின் இன்லெற்றைச் சேர்ந்த அல்வின் கனாக் ஆறு மீற்றர் உயரமான கருங்கல் உருவம் ஒன்றை அமைத்தார். பின்னர் அது நகரத்துக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டு, இன்று இங்கிலிஷ் பே கடற்கரையில் நிற்கிறது. அதனைத் தழுவியே 2010 ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் போட்டியின் இலச்சினை வரையப்பட்டு, 2005 ஏப்ரலில் அறிமுகப்படுத்தப்பட்டது. பல வண்ணக் கற்களால் ஆகி, புன்முறுவல் பூக்கும் அந்த உருவத்துக்கு நண்பன் என்ற பொருளில் இலனாக் என்று பெயரிட்டார்கள். தொப்பி, சட்டை, சாவிக்கொத்து என்று எல்லாவற்றிலும் அது பதிந்து உலகெங்கும் பரவியது. இனுயிட் தலைவர்கள் சிலர் அதனைப் பெருமையாகவே ஏற்றார்கள்; இர்னிக் போன்றோர் ஏற்கவில்லை. போட்டி நடந்த நிலத்துக்கு உரியவர்களான மஸ்குவீம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாதூத் முதலிய பசிபிக் கரையோர மக்களுக்கோ இந்தக் கல்லுருவத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது. தங்கள் மண்ணில் நடக்கும் விழாவுக்குத் தொலைதூர மக்களின் அடையாளத்தை எடுத்தது ஏன் என்று அவர்களில் சிலர் கேட்டதும் நியாயமே. தங்கள் கட்டுரையில் வந்த "தொன்மையான நட்புச் சின்னம்" இந்த விளம்பரத்தின் எதிரொலியாகும்.

அதே 2005 ஆம் ஆண்டு ஜூலையில் நடந்த இன்னொன்றையும் இங்கு சொல்லத் தோன்றுகிறது. கனடாவும் டென்மார்க்கும் உரிமை கோரிய, கனடாவுக்கும் கிறீன்லாந்துக்கும் இடையிலுள்ள, மனிதர் யாரும் வசிக்காத ஹான்ஸ் தீவில் கனடியப் படையினர் இறங்கி, தேசியக் கொடியுடன் ஓர் இனுக்சுக்கையும் நட்டார்கள். ஏப்ரலில் உலகத்துக்கு நண்பனாக அறிமுகமான கல், மூன்றே மாதங்களில் எல்லைக்கல்லாக வேலை பார்த்தது! அத்தீவை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் உடன்பாடு 2022 ஜூன் மாதத்திலேயே கையெழுத்தானது. தர்துபாலுக் என்று அத்தீவை அழைத்து, இரு பக்கத்திலிருந்தும் சென்று காலங்காலமாக வேட்டையாடி வந்த இனுயிட் மக்களுக்கு அந்தக் கல் என்ன சொல்லியிருக்கும் என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதற்கு மாறாக, இனுயிட் மக்கள் தாங்களே தெரிந்தெடுத்துப் பயன்படுத்திய இடம் நுனாவுட்டின் கொடி. 1999 ஏப்ரல் 1 ஆம் திகதி அப்பிராந்தியம் உருவானபோது ஏற்கப்பட்ட கொடியில், மஞ்சளும் வெள்ளையும் சந்திக்கும் நடுக்கோட்டில் சிவப்பு இனுக்சுக் ஒன்று நிற்கிறது; வலது மேல் மூலையில் நீல விண்மீன். நிலத்தில் மக்களுக்கு வழிகாட்டுவதும், புனிதமான இடங்களையும் பிற சிறப்பான இடங்களையும் குறிப்பதும் இக்கல்லமைப்புகளின் பணி என்பதே அதற்கு அளிக்கப்பட்டுள்ள அதிகாரபூர்வ விளக்கம். விண்மீன் துருவ நட்சத்திரம். பயணிகளுக்கு வழிகாட்டுவதோடு, சமூகத்தில் முதியோரின் வழிகாட்டலையும் அது சுட்டுகிறது. தெய்வமும் இல்லை, நண்பனும் இல்லை என்பதைக் கவனிக்கவும்.

ரொறன்ரோவில் வாழும் தங்கள் வாசகர்களுக்கு இது தொலைதூரக் கதையன்று. ஏரிக்கரையில் உள்ள இனுக்சுக் பூங்காவில் ஏறத்தாழ ஒன்பது மீற்றர் உயரத்துக்கு நிற்கும் உருவத்தை நம்மில் பலர் காரில் போகும்போது பார்த்திருப்போம். 2002 ஆம் ஆண்டில், பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் வருகை தந்த உலக இளையோர் நாளையொட்டி, கிங்ஙாயிட்டைச் சேர்ந்த சிற்பி கெலிபாலிக் கிமிர்பிக் அதை அமைத்தார். ஏறத்தாழ 50 தொன் எடையுள்ள கருங்கற்கள் அவை. இரு கைகளாக நீண்டு தெரிவது உண்மையில் இரு தூண்களின்மேல் படுத்திருக்கும் ஒரு கிடைக்கல் தொகுதி. அதன் இரு முனைகளும் வெளியே துருத்தி நிற்க, நடுவில் ஏற்றிய கற்களின் பாரமே அதை அழுத்திப் பிடித்திருக்கும் தோற்றத்தைத் தருகிறது. மனித உருவமாகப் பார்ப்பதை விட்டு, எந்தக் கல்லின் பாரம் எந்தக் கல்லில் இறங்குகிறது என்று பார்ப்பவருக்கு அது இன்னும் சுவையாக இருக்கும். இனுயிட் கலைஞரின் ஆக்கமேயாயினும் அது நினைவுச்சின்னமாக எழுப்பியது. பயணிக்கு வழி சொல்ல வைத்ததன்று.

கோடை விடுமுறையில் பரி சவுண்ட், சட்பரி பக்கம் 69 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் செல்பவர்கள், பாறையை வெட்டிய சாலையோரங்களின் உச்சியில் சின்னஞ்சிறு "இனுக்சுக்"குகள் வரிசையாக இருப்பதைக் கண்டிருப்பார்கள். அவை பெரும்பாலும் பயணிகள் பொழுதுபோக்காக அடுக்கியவை. ஜோர்ஜியன் விரிகுடாவின் அந்தக் கரை அனிஷினாபே மக்களின் நிலம், இனுயிட் நிலமன்று. அப்பகுதியிலுள்ள கில்லார்னி மாகாணப் பூங்காவில் இப்படி அடுக்குவது பெருகி, நடைபாதையைக் காட்டும் உண்மையான அடையாளக் கற்களிலிருந்து அவற்றைப் பிரித்தறிய முடியாமற்போகவே, 2007 ஆம் ஆண்டில் பூங்கா நிர்வாகம் தயவுசெய்து கட்ட வேண்டாம் என்று வருகையாளரைக் கேட்டுக்கொண்டது. வழி காட்டுவதற்காகப் பிறந்த கல் வழியைக் குழப்பும் கல்லாகிவிட்டது. போதாததற்கு, தரையில் கிடக்கும் கல்லைப் புரட்டினால் அதன்மேல் பல்லாண்டுகளாகப் படர்ந்த கற்பாசி அழியும், அடியில் வாழும் சிற்றுயிர்கள் வெயிலில் மாளும், மண் அரிக்கும். பிள்ளைகளோடு போகும் நம்மவரும் ஒளிப்படத்துக்காக நாலு கல்லை அடுக்கிவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. தங்கள் கட்டுரையில் "நீங்களும் ஒன்று கட்டி மகிழலாம்" என்று எழுதியிருந்த வரியை இதனாலேயே ஏற்க முடியவில்லை. நுனாவுட்டிலோ தொன்மையான கல்லமைப்புகளைக் குலைப்பது சட்டப்படியே குற்றமாகும்.

நினைவுப்பொருள் வாங்குவோருக்கும் ஒரு சொல். விமான நிலையங்களிலும் சுற்றுலாக் கடைகளிலும் குவிந்திருக்கும் சிறு கல்லுருவங்களில் எல்லாமே இனுயிட் கைவினைஞர் செய்தவையல்ல. உண்மையான இனுயிட் கலைப்பொருளை அடையாளம் காட்டவென்று கனடிய அரசு 1958 ஆம் ஆண்டில் இக்லூ முத்திரை என்ற வணிகக்குறியை ஏற்படுத்தியது. 2017 ஆம் ஆண்டில் அதன் பொறுப்பு இனுயிட் கலை மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பனிவீட்டின் படம் பொறித்த அந்தச் சீட்டு பொருளோடு இருக்கிறதா, கலைஞரின் பெயரும் ஊரும் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று கேட்டு வாங்கினால், பணம் உரியவருக்குப் போய்ச் சேரும். விலை சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். பத்து டொலருக்குக் கிடைக்கும் உருவத்தைப் பார்த்தவுடனேயே அது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகித்துவிடலாம்.

எனவே, அடுத்த இதழில் அந்தப் பட விளக்கத்தைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்திலுள்ள உருவம் மனித வடிவிலானது என்பதால் அதை இனுங்குவாக் என்றே குறிப்பிடலாம். அது எடுக்கப்பட்ட ஊரின் பெயரையும், தெரிந்தால் அதை அமைத்தவரின் பெயரையும் சேர்த்தால் இன்னும் நன்று. "எஸ்கிமோ" என்ற பழைய பெயர் கட்டுரையின் இரண்டாம் பத்தியில் ஓரிடத்தில் எஞ்சியிருக்கிறது. கனடாவில் அம்மக்கள் அதை விரும்புவதில்லை என்பதால், அதையும் இனுயிட் என்று மாற்றிவிடும்படி வேண்டுகிறேன். கட்டுரையாளர் வடபுலம் பற்றித் தொடர்ந்து எழுதவிருப்பதாக அறிவித்துள்ளீர்கள். அடுத்த பகுதியில் கரிபு வேட்டைக் கல்வரிசைகளைப் பற்றியும் எழுதினால் வாசகர்கள் நிச்சயம் வரவேற்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ